ஆவூர் மாதா கோயிலும் அதில் வந்து ஒட்டிக்கொண்ட 150 வருஷமும்

இணையத்தில் ஆவூர் என்று தேடிப் பாருங்கள். திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டாரத்தில் இருக்கிற ஊர் அது. சுற்றுலாப் பட்டியல்களில் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் என்று வரிசையாக வரும்போது நடுவில் ஆவூருக்கும் ஒரு பத்தி கிடைக்கும். எந்தத் தளத்தில் பார்த்தாலும் ஏறக்குறைய அதே பத்திதான். ஜான் வெனான்டியஸ் பவுச்சட் என்ற பாதிரியார் 1547-ல் இங்கே ஒரு சிற்றாலயம் கட்டினார். 1747-ல் புதிய கோயில் எழுந்தது. வீரமாமுனிவரும் இங்கே பணியாற்றினார். ஈஸ்டர் சமயத்தில் பாஸ்கா நாடகமும் தேர்த்திருவிழாவும் நடக்கும், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் வருவார்கள். அவ்வளவுதான், முடிஞ்சது.

நாலே நாலு தகவல். படித்தவுடன் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தோன்றும். ஆனால் முதல் தகவல் தப்பு. அதுவும் ஒன்றிரண்டு வருஷத் தப்பு இல்லை, 150 வருஷம். மற்ற மூன்றும் உண்மைதான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாத உண்மை. இந்தப் பத்தியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

ஒரு சின்னக் கணக்கு

முதலில் அந்த 1547. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு படிவத்தில் பிறந்த தேதியும் வேலையில் சேர்ந்த தேதியும் இருந்தால், இரண்டாவது முதலாவதுக்குப் பிறகுதான் வருகிறதா என்று பார்க்க ஒரே ஒரு வரி எழுதுவோம். ஆவூர்ப் பத்திக்கு அந்த ஒரு வரியைப் போட்டாலே போதும், கதை முடிந்துவிடும்.

அந்தப் பாதிரியாரின் பெயர் ழான் வெனான் பூஷே. பிரெஞ்சுக்காரர். பிறந்தது 1655, பாண்டிச்சேரியில் இறந்தது 1732. அதாவது பத்தியில் சொல்கிறபடி பார்த்தால், மனுஷன் தான் பிறப்பதற்கு 108 வருஷம் முன்னாடியே ஆவூர் வந்து கோயில் கட்டியிருக்கிறார்!

பூஷேவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 1547 நிற்காது. அவர் சார்ந்த சேசு சபை ரோமில் அங்கீகாரம் பெற்றதே 1540-ல். பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் வந்து இறங்கியது 1542-ல். அவர் வேலை செய்தது முத்துக்குளித்துறையில், தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக் கடற்கரை ஊர்களில். உள்நாட்டில் மதுரைக்கு ஒரு சேசு சபைப் பாதிரியார், கொன்சாலோ பெர்னாண்டஸ், போய்ச் சேர்ந்தது 1595-ல். அவரும் அங்கே வந்துபோகிற பரவர்களுக்கும் போர்ச்சுக்கீசியருக்கும்தான் சாமியார். ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, 'தத்துவ போதகர்' ஆனது 1606-க்குப் பிறகு. 1547-ல் சேசு சபைக்காரர் ஒருவர் புதுக்கோட்டைச் செம்மண்ணில் கோயில் கட்டினார் என்றால், அது தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றையே திருப்பி எழுதவேண்டிய செய்தி. அப்படி யாரும் எழுதவில்லை, எழுதவும் முடியாது.

பூஷே ஆவூரைத் தலைமையிடமாக வைத்து வேலை செய்தது 1690-களில். சிற்றாலயத்துக்குப் பழைய நூல்வழியில் சொல்லப்படுகிற 1697 இதோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்போது அவருக்கு 42 வயது.

அப்புறம் 1547 எப்படி வந்தது? எனக்குப் படுவது இதுதான்: பக்கத்திலேயே 1747 இருக்கிறது. தட்டச்சு செய்தவர் கை அந்த '47'-ஐ இங்கேயும் போட்டிருக்கலாம். தட்டச்சுப் பிழை எல்லாருக்கும் வரும். அது யார் கண்ணிலும் உறுத்தாமல் இத்தனை தளங்களுக்குப் பரவியதுதான் யோசிக்க வேண்டியது. நிரல் எழுதுகிற இடத்தில் எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் பார்க்க வழி இருக்கிறது. சுற்றுலாக் குறிப்புக்கு அந்த வசதி கிடையாது. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் எடுப்பார், அவரிடமிருந்து மூன்றாமவர். பத்து இடத்தில் இருக்கிறதே, அப்போ உண்மையாகத்தான் இருக்கும் என்று பதினோராவது ஆள் நினைப்பார். பத்தும் ஒரே ஊற்று என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரையில் அந்தக் காலத்துத் தேவாலயங்கள் நிஜமாகவே இருக்கின்றன. மயிலாப்பூர் லஸ் கோயிலில் 1516 என்று கல்வெட்டு இருக்கிறது. அதனால் '16-ம் நூற்றாண்டு மாதா கோயில்' என்றால் நமக்கு நம்பும்படிதான் இருக்கும். கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருந்ததை நாம் யோசிப்பதில்லை. இந்த இடைவெளி ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

எது இடைக்காலம்?

இதே பத்தி சில இடங்களில் 'இடைக்காலத் தேவாலயம்' என்ற பட்டத்தோடும் சுற்றும். இது 1547-ன் குட்டி. ஐரோப்பாவில் இடைக்காலத் தேவாலயம் என்றால் 1500-க்கு முந்தையது. நம் பாடப்புத்தகக் கணக்கு வேறு. சோழர் முதல் நாயக்கர் வரை, சில சமயம் முகலாயர் சரிகிற வரைக்கும்கூட இடைக்காலம் நீளும். ஒரு கணக்கில் ஆவூர் இடைக்காலத்தின் வால் நுனி, இன்னொரு கணக்கில் அதற்குச் சம்பந்தமே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, அந்தச் சொல்லில் இருக்கிற பழமை வாசனைக்காக மட்டும் ஒட்டிக்கொள்வது சரியில்லை.

அதுவும் புதுக்கோட்டையில்! நிஜமான இடைக்காலம் இங்கே கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. கொடும்பாளூர் மூவர் கோயில் 10-ம் நூற்றாண்டு. நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் அதற்கும் முந்தியது. மலையடிப்பட்டியில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் ஒரே பாறையில் குடைவரைகள். சித்தன்னவாசலில் சமணர் ஓவியம். இதே ஊர்தான் பழைய சமஸ்தான காலத்தில் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்து, வம்சவாரியாகப் பிரித்து, 1929-ல் மூலத்தை அப்படியே அச்சிட்டது. ஒரு ஆட்சியாண்டு பத்தா பதினொன்றா என்று மண்டையை உடைத்துக்கொண்ட அறிஞர்கள் இருந்த ஊர். அந்த ஊரில் ஒரு மாதா கோயிலுக்கு மட்டும் 150 வருஷம் கூடுதலாகச் சேர்த்தால் யாரும் கேட்கவில்லை என்றால், காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. பழைய சிவன் கோயிலும் குடைவரையும் 'வரலாறு', மாதா கோயில் 'திருவிழா' என்று நமக்குள் ஒரு பிரிவினை இருக்கிறது. வரலாற்றுக்குத்தானே தேதி வேண்டும், திருவிழாவுக்கு எதற்கு?

1690-களில் ஆவூர்

சரி, தேதியைத் திருத்தினால் என்ன கிடைக்கிறது? என்னைப் பொறுத்தவரை, ஒரு கோயில் தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்த மாதிரி.

1547 என்றவுடன் மனசில் என்ன படம் வரும்? கப்பல், பீரங்கி, போர்ச்சுக்கீசியக் கொடி, பின்னாலேயே சிலுவை. கடற்கரைக்கு அந்தப் படம் ஓரளவு பொருந்தும். அங்கே கடலில் கப்பற்படையும் கரையில் கோட்டைகளும் இருந்தன. 1690-களின் ஆவூருக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. கடலிலிருந்து பல நாள் நடை தூரம். சுற்றி எந்த ஐரோப்பியப் படையும் கிடையாது. பாதிரியாருக்கு ஏதாவது ஆனால் கேட்க நாதியில்லை. இருப்பதும் போவதும் உள்ளூர் ஆட்சியாளர்களின் மனசைப் பொறுத்தது.

அந்த ஆட்சியாளர்கள் யார் யார் என்று பாருங்கள். வடக்கே திருச்சியில் ராணி மங்கம்மாள், பேரன் சிறுவன் என்பதால் 1689-லிருந்து அவர்தான் மதுரை நாயக்கர் நாட்டை நடத்துகிறார். கிழக்கே தஞ்சாவூரில் மராட்டியர். தெற்கே ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி. இவர்களுக்கு நடுவே, 1686-ல் புதிதாகத் தலையெடுத்த ரகுநாதராயத் தொண்டைமான். அவருடைய தங்கை காதலி நாச்சியார் சேதுபதிக்கு மனைவி. குளத்தூர் பக்கம் தொண்டைமானின் தம்பி நமண தொண்டைமான். இடையிடையே சின்னச்சின்னப் பாளையக்காரர்கள். இன்றைக்கு நண்பன், நாளைக்கு எதிரி என்ற அரசியல்.

இதில் 1693-ஐக் கவனிக்க வேண்டும். அந்த வருஷம் பிப்ரவரி 4-ம் தேதி, சேதுபதி நாட்டின் ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ தலை வெட்டப்பட்டார். அவரும் சேசு சபை, அதே மதுரை மிஷன். அதாவது பூஷே ஆவூரில் காலூன்றிய சமயத்தில், தெற்கே சில நாள் நடை தூரத்தில் சக துறவி கொல்லப்பட்டிருக்கிறார். அதுவும் பக்கத்துத் தொண்டைமானுக்குச் சம்பந்தி முறையான அரசரின் நாட்டில். இதற்கு நாலைந்து வருஷத்தில் எழுந்த சிற்றாலயம் இது. 1547 என்று எழுதினால் இந்தக் கதை மொத்தமும் காணாமல் போகிறது. பிரிட்டோ அப்போது பிறக்கவில்லை, தொண்டைமான் நாடு கிடையாது, மங்கம்மாள் கிடையாது.

ஆவூர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் என்பதற்கும் வரைபடத்திலேயே பதில் இருக்கிறது. திருச்சி பக்கம். நாயக்கர் தலைநகரின் நிழல் இருக்கும், ஆனால் தலைநகரின் கண் நேராகப் படாது. எந்த எல்லையும் ரொம்ப தூரமில்லை. ஒரு பக்கம் காற்று மாறினால் இன்னொரு பக்கம் ஒதுங்கலாம்.

மங்கம்மாள் பிற சமயங்களை அனுசரித்துப் போனவர். திருச்சி நத்ஹர் வலி தர்காவுக்கு மானியம் விட்டவர். ஆனாலும் தயவு சும்மா வராது, போய்க் கேட்க வேண்டும். பூஷே மங்கம்மாளின் தளவாயைப் பார்க்கப் போன கதை சேசு சபைக் கடிதங்களில் இருக்கிறது. அவர் கொண்டுபோன பரிசுகளில் எனக்குப் பிடித்தது ஒரு பூகோள உருண்டை. சுமார் இரண்டு அடி விட்டம், நாடுகள், கடல்கள் பெயரெல்லாம் தமிழில் எழுதியது. கூடவே கண்ணாடிச் சாமான்கள், பூதக்கண்ணாடிகள். யோசித்துப் பாருங்கள்: 1700-ஐ ஒட்டிய வருஷங்களில், திருச்சியில், உலகம் முழுக்கத் தமிழ் எழுத்தில் ஒரு உருண்டை! பீரங்கி கொண்டுபோகிறவன் இப்படி உருண்டை செய்துகொண்டு போகமாட்டான். அனுமதிக்காகக் காத்திருக்கிறவன்தான் செய்வான்.

நான் அந்தக் காலத்தைச் சொர்க்கமாகக் காட்டவில்லை. மதம் மாற்றுவதுதான் பூஷேவின் வேலை, அவர் கடிதங்களில் இந்த ஊர்ச் சாமிகளைப் பற்றி மரியாதையில்லாத வரிகளும் உண்டு. ஆனால் அந்தக் கோயிலை நிற்கவிட்டது உள்ளூர் அரசியல்தான், வெளிநாட்டுப் படை அல்ல. இதை விட்டுவிட்டு ஆவூரைப் புரிந்துகொள்ள முடியாது.

பெயருக்குள் இருந்த ஆள்

பத்தியில் பூஷே வெறும் பெயர். அதுவும் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து, 'பவுச்சட்' என்று ஆகிவிட்ட பெயர். யார் இந்த ஆள்?

முதலில் சயாம் நாட்டுக்கு 1687-ல் போன பிரெஞ்சு சேசு சபைக் குழுவில் ஒருவர். 1688-ல் அங்கே ஆட்சிப் புரட்சி நடந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறவேண்டி வந்தபோது பாண்டிச்சேரிக்கு வந்து, போர்ச்சுக்கீசியர் பொறுப்பில் இருந்த மதுரை மிஷனில் சேர்ந்தார். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்நாடக மிஷனுக்குத் தலைவரானார். அவர் வரைந்த தென்னிந்திய வரைபடம் பிரெஞ்சு வரைபட வல்லுநர் தான்வீலுக்குப் பின்னால் பயன்பட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் 1714-ல் ஒரு பிரெஞ்சு நீதிபதிக்கு எழுதிய நீண்ட கடிதம். இந்தியர்கள் எந்தச் சட்டப்படி நியாயம் தீர்க்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில். இங்கே சட்டப்புத்தகம் வைத்துத் தீர்ப்பு சொல்வதில்லை, வழிவழியாக வந்த வழக்கம்தான் சட்டம், அது எல்லாருக்கும் மனப்பாடம், பஞ்சாயத்துக்காரர்கள் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள் என்பது அதன் சாரம். ஒரு கிராமத்து வழக்கை உட்கார்ந்து கேட்டவரால்தான் இப்படி எழுத முடியும். ஆவூர் மாதிரியான ஊர்களில் கழிந்த வருஷங்கள் அந்தக் கடிதத்துக்குள் இருக்கின்றன. பாரிஸில் தொகுதி தொகுதியாக அச்சான இந்தக் கடித வரிசையை மொந்தெஸ்கியூ தன் சட்டம் பற்றிய பெரிய நூலில் ஆதாரமாகக் காட்டுகிறார். ஆவூர்ப் பக்கத்துப் பஞ்சாயத்து பாரிஸ் மேசைக்குப் போன பாதை இது. பத்தியில் இதற்கு ஒரு அரை வரி கிடைத்திருக்கலாம்.

"வீரமாமுனிவரும் பணியாற்றினார்"

இந்த வரி பொய்யில்லை. ஆனால் இப்படி ஒரு பெரிய பெயரைச் செருகிவிட்டால் குறிப்பு எழுதியவர் கடமை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. வீரமாமுனிவர் 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710-ல் கோவா வந்து, அடுத்த வருஷங்களில் இந்த மிஷனுக்குள் நுழைந்தவர். தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி எல்லாம் 1720, 30-களில். பூஷே தலைமுறை போட்ட தளத்தின்மேல்தான் அவர் தலைமுறை வேலை செய்தது. முதல் வரியில் 1547 இருக்கும்வரை இந்தத் தொடர்ச்சி தெரியவே தெரியாது. 1547-க்கும் வீரமாமுனிவருக்கும் நடுவில் 160 வருஷப் பாலைவனம். 1697 என்று வைத்தால் இருவரும் அடுத்தடுத்த தலைமுறை.

1747-ம் அப்படித்தான். அதை வெறும் எண்ணாகக் கடந்துபோகிறோம். அந்த வருஷம் பிப்ரவரி 4-ம் தேதி வீரமாமுனிவர் கேரளத்தின் அம்பழக்காட்டில் இறந்தார். பிரிட்டோ கொல்லப்பட்ட அதே தேதி, 54 வருஷம் கழித்து. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1744-ல், போப் 14-ம் பெனடிக்ட் 'மலபார் சடங்குகள்' சண்டைக்கு முடிவு கட்டியிருந்தார். எந்த உள்ளூர் வழக்கத்தைக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது என்று 40 வருஷமாக நடந்த வழக்கு அது. 1704-ல் போப்பின் தூதர் தூர்னோன் பாண்டிச்சேரியில் போட்ட தடையை எதிர்த்து வாதாட, ரோம் வரைக்கும் போனவர்களில் நம்ம பூஷேவும் ஒருவர். அந்த வழக்கில் சேசு சபை தோற்று மூன்று வருஷத்தில் ஆவூரில் புதுக் கோயில் எழுகிறது.

வெளியே கர்நாடகப் போர்கள் தொடங்கிவிட்டன. 1751 முதல் 1754 வரை திருச்சியைச் சுற்றித்தான் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதினார்கள். தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம், அவர்கள் படைக்குத் தானியம் போனது இந்தப் பக்கத்து வழிகளில். 1773-ல் போப் சேசு சபையையே கலைத்தார். அவர்கள் மதுரை நாட்டுக்குத் திரும்ப 1838 ஆயிற்று. நடுவில் இருந்த 65 வருஷம் இந்த ஊர்க் கோயில்களில் விளக்கு அணையாமல் இருந்தது என்றால், அதில் கோவாவிலிருந்து வந்த சில குருக்களுக்குப் பங்கு உண்டு. பெரிய பங்கு உபதேசியார்களுக்கும் ஊர் ஜனங்களுக்கும். அவர்கள் பெயர் எந்தப் பத்தியிலும் இல்லை.

எல்லாரும் வருவார்கள், சரி. எப்படி?

கடைசித் தகவல், மத நல்லிணக்கம். இந்த வரி எல்லாக் கோயில், தர்கா, மாதா கோயில் குறிப்பிலும் ரெடிமேடாக வரும். ஆவூரில் பெரியநாயகி மாதா தேருக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள் என்பது நிஜம், நல்ல விஷயம். எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் விமர்சனமாகப் பார்த்தால் அந்த வரி ஒன்றையும் விளக்குவதில்லை.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியநாயகி என்பது சிவன் கோயில்களில் அம்மனுக்கு வழங்குகிற பெயர். மாதாவுக்கு அதை வைத்ததும், மாதாவைத் தேரில் ஏற்றியதும், பாடுகளை ராத்திரி நாடகமாக நடத்தியதும் யாரோ ஒரு பாதிரியாரின் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். சிலர் அதையே அழகான கலப்பு என்பார்கள். இரண்டு தரப்பும் ஊர்க்காரர்களை விட்டுவிடுகின்றன. தேர் என்றால் வடம் பிடிக்கணும், முதல் மரியாதை யாருக்கு என்று தீர்க்கணும், எந்தத் தெரு வழியாகப் போகும் என்று முடிவாகணும். அரசரின் தயவு, பரிவட்டம், வரிசை எல்லாம் இந்தப் பகுதியில் கோயில் எதுவானாலும் ஒரே இலக்கணம்தான். சூசன் பெய்லி 1989-ல் வெளியிட்ட நூலும், டேவிட் மோஸ் 2012-ல் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தை வைத்து எழுதிய நூலும் இந்த மரியாதை அரசியலை விரிவாகப் பேசுகின்றன. மாதா கோயிலில் கிடைக்கிற மரியாதை என்பது ஊரில் உன் இடம் எது என்று அறிவிக்கிற பத்திரம்.

அப்படியென்றால் சாதியும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நொபிலி காலம் முதல் இந்த மிஷன் சாதியை அனுசரித்தே நடந்தது. மேல்சாதிக்காரர்களுக்குச் சந்நியாசி வேஷத்தில் ஒருவர், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி வேஷத்தில் ஒருவர். 1744 ஆணையை ஒட்டியும், 'தீண்டத்தகாதவர்' என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குருக்களை வைப்பதாகத்தான் ஏற்பாடு. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலையே சுவர் வைத்துப் பிரித்து, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். 'எல்லா மதத்தவரும் வருவார்கள்' என்று சொல்லி முடித்துக்கொள்கிற குறிப்பு, எல்லாச் சாதியினரும் எப்படி நின்றார்கள் என்ற கேள்வியைக் கேட்காமலேயே தப்பித்துவிடுகிறது. ஆவூருக்குப் போகிறவர்கள் தேரைப் பார்க்கட்டும், கூடவே அந்தக் கேள்வியையும் மனசில் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு வருஷத்துக்கு இவ்வளவு பேச்சா?

"விடுங்க, பழைய கோயில்னு தெரிஞ்சா போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, இன்றைக்கு நம் நாட்டில் எந்த வழிபாட்டிடத்தின் தேதியும் சாதாரண எண் இல்லை. யார் முதலில் வந்தது, யார் யாரை இடித்தது என்று தேதியை வைத்துத்தான் சண்டை. அந்தச் சண்டையில் ஒரு தப்பான தேதி இரண்டு பக்கமும் வெட்டும். '1547, போர்ச்சுக்கீசியர் காலம், பீரங்கியோடு வந்தது' என்று ஒருவர் ஆரம்பிக்கலாம். இன்னொருவர் பூஷே பிறந்த வருஷத்தைக் காட்டி, 'பாருங்கள், இவர்கள் வரலாறே கட்டுக்கதை' என்று முடிக்கலாம். உண்மையான தேதிக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. கூடவே ஒரு சாட்சியமும் கிடைக்கிறது: படைபலம் எதுவும் இல்லாத ஒரு அந்நியத் துறவி, உள்ளூர் ராணியின் அதிகாரிகளிடம் அனுமதி கேட்டு, உள்ளூர் ஜனங்களின் கைவேலையில் கட்டிய கோயில் இது.

இரண்டாவது, அந்த ஜனங்கள். ஓரியூரில் தலை உருண்ட செய்தி காதுக்கு வந்த பிறகும் ஆவூரில் மண் சுமந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அது தைரியமா, நம்பிக்கையா, இல்லை தங்கள் ஊரில் தங்களுக்கென்று ஒரு இடம் வேண்டும் என்ற தவிப்பா, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். 1547 அவர்களை அழித்துவிடுகிறது. அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில் யாரோ கட்டிய பழைய கோயிலுக்குச் சும்மா சாமி கும்பிட வந்தவர்களாக அவர்களை மாற்றிவிடுகிறது.

குறை சொன்னால் மட்டும் போதாது, மாற்று வைக்க வேண்டும். எங்கள் தொழிலிலும் அதுதான் மரியாதை. அதே நாலு தகவலுக்கான இடத்தில் அடங்குகிற மாதிரி எழுதியிருக்கிறேன்:

"ஆவூர், பெரியநாயகி மாதா கோயில். ராணி மங்கம்மாள் திருச்சியில் ஆண்ட 1690-களில், ஓரியூரில் அருளானந்தர் கொல்லப்பட்ட சில ஆண்டுகளுக்குள், பிரெஞ்சு சேசு சபைத் துறவி ழான் வெனான் பூஷே (1655–1732) இங்கே முதல் சிற்றாலயத்தை அமைத்தார். அதன் ஆண்டு 1697 எனப்படுகிறது. தமிழகக் கிராம நியாய வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய கடிதம் ஐரோப்பாவில் புகழ்பெற்றது. வீரமாமுனிவரும் பணியாற்றிய இந்த ஊரில், அவர் இறந்த ஆண்டான 1747-ல் புதிய கோயில் எழுந்தது. ஈஸ்டரை ஒட்டிய பாஸ்காவும் தேரும் இன்றும் பல மதத்தவர் கூடுகிற ஊர்த் திருவிழா."

சுற்றுலாத் தளம் நடத்துகிறவர்கள், யூடியூபில் 'தெரியாத புதுக்கோட்டை' போடுகிறவர்கள், பள்ளி மலருக்குக் கட்டுரை எழுதுகிற டீச்சர்கள், யார் வேண்டுமானாலும் இதைத் தாராளமாகக் காப்பி அடித்துக்கொள்ளலாம். என் பெயர் போட வேண்டாம். 1547-ஐ மட்டும் எடுத்துவிடுங்கள்.